முக்கால் ஆடு

வால்கா ஊர் தாண்டிப் பதினெட்டாவது கிலோமீட்டரில் கம்பிக்கதவு.
திறந்தவர் மூட வேண்டும்.
இங்கே முதல் விதி அது.

என் மடிக்கணினிக்குள் வேறு விதிகள்:
இத்தனை மில்லிமீட்டர் மழை, இத்தனை பாகை வெயில்,
ஒரு பெண்புழு ஒரு நாளில் ஐயாயிரம் முட்டை,
பொரிந்ததில் எத்தனை
பனி ஈரத்தைப் பிடித்துப் புல்நுனிக்கு ஏறி
ஒரு வாய்க்காகக் காத்திருக்கும் என்பது வரை.
நான் செய்வதற்குப் பெயர் மாதிரி.
ஆடு மாதிரி ஒன்று அதில் மேயும்,
மழை மாதிரி ஒன்று பெய்யும்.
நாற்றம் மட்டும் கிடையாது.

நாற்றம் ஜோலீன் கிராடக்கின் பட்டியில் இருந்தது.
சூடு ஆறாத புழுக்கையைக் கையுறையில் அள்ளினேன்.
புழுக்கை என்ற சொல்லுக்குள்ளேயே புழு இருக்கிறது;
இருபது வருடம் பேசியும்
நுண்ணோக்கியில் குனிந்த அன்றுதான் அது கண்ணில் பட்டது.

"அறுநூறில் அறுபதுக்கு மருந்து ஊற்றாதீர்கள்."

மருந்துத் துப்பாக்கியின் குழாயை உதறிவிட்டு
"நீ யார் கட்சி?" என்றாள்.

வெள்ளை மருந்து அவள் அப்பா காலத்திலேயே தோற்றது.
தெளிந்த மருந்து அவளுக்குக் கல்யாணமான வருடம்.
மூன்றாவது, போன கோடையில்.
இது நான்காவது. ஐந்தாவது என்று கடையில் எதுவும் இல்லை.

சொன்னேன்: மருந்தைத் தாங்கும் புழு ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும்.
மற்றவை முழுக்கச் செத்தால்
பட்டி அவற்றுக்கே பட்டா.
மருந்து முகமே பார்க்காத புழுக்கள் கொஞ்சம் பிழைத்துக் கிடந்தால்
அவற்றோடு கூடிக் கலந்து
அந்தத் திமிர் நீர்மோராய் நீர்க்கும்.
பதினோரு வருடம் கூடுதலாக உழைக்கும் இந்த மருந்து.

"எனக்கு என்ன செலவு?"

திரையைப் பார்த்துச் சொன்னேன்:
"ஒரு பருவத்துக்கு முக்கால் ஆடு."

கூட்டத்தில் எங்கோ ஒன்று இருமியது.
"முக்கால் ஆட்டுக்கு எவ்வளவு ஆழம் குழி வெட்டுவது?"

என் மொழியில் முக்காலுக்குப் பெயருண்டு,
அரைக்காலுக்கும் மாகாணிக்கும் உண்டு,
முந்நூற்றிருபதில் ஒன்றுக்குக்கூட முந்திரி என்று உண்டு.
அத்தனை பெயரும் நெல்லுக்கும் நிலத்துக்கும்.
வாய் திறக்காமல் நின்றேன்.

கடைசியில் அவள்தான் ஒத்துக்கொண்டாள்.
ஏன் என்று இன்றுவரை தெரியாது;
கடையில் ஐந்தாவது இல்லாததால் இருக்கலாம்.
ஒவ்வொன்றாகக் கீழிமையை இழுத்துப் பார்த்தோம்.
வெளுத்திருந்தால் மருந்து.
சிவந்திருந்தால், முதல் அறுபது வரை, நெற்றியில் நீலக் கோடு போட்டு
அப்படியே விட்டோம்.
417க்கு இமை மாதுளை முத்துப்போல் இருந்தது.
என் கையால்தான் கோடு போட்டேன்.

மார்ச்சில் பன்னிரண்டு நாள் விடாத மழை, குளிராத மழை.
மாதிரி அதை முன்பே சொல்லியிருந்தது
என்பதில் எனக்கு ஒரு அற்பப் பெருமை
தொலைபேசி அடிக்கும் வரை.

"417 விழுந்துவிட்டது. தாடைக்குக் கீழே பை கட்டி,
இமை காகிதமாகி.
நேற்று மாலைகூட நின்று மேய்ந்தது."
திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.
"நீ சொன்னது முக்கால். போனது ஒன்று.
கால் ஆடு எனக்குக் கடன்பட்டிருக்கிறாய்."

அந்தக் காலை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
பிழை என்று ஒரு கட்டம் இருக்கிறது, இட்டேன்.
கூட்டல் சரியாக வந்தது.
அன்றிரவு ஆர்மிடேலில் என் அறைக்கு வெளியேயும்
அதே குளிராத மழை.

வசந்தத்தில் மருந்துக்கு முன்னும் பின்னும் முட்டை எண்ணினேன்:
நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு அழிந்திருந்தன.
மீதி இரண்டை இன்னொரு முறை எண்ணினேன்.

அடுத்த பருவத்துக்கு முன் ஒரு வரி அனுப்பியிருந்தாள்:
"அறுபதுக்குப் பதில் ஐம்பத்தொன்பது விட்டால்?"
ஓட்டிப் பார்த்தேன்.
இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து போயின,
எவ்வளவு பெரிதாக்கினாலும் பிரியவில்லை.
சரி என்று பதில் எழுதினேன்.

எது அந்த ஒன்று என்று கேட்கவில்லை.